பதினேழாம் ஷரத்தில் விடுபட்ட சொல்

வேலாங்குளம், திண்டுக்கல் மாவட்டம்
17 பிப்ரவரி 2025

ஜோஸ்பின்,

நேற்று போனில் நான் கத்தியதும் நீ வைத்துவிட்டாய். நல்லது. கத்தினால் பாதிதான் சொல்ல வருகிறது. இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

எங்கள் பேரூராட்சிப் பூ மார்க்கெட்டை மூன்று வருஷக் குத்தகைக்கு மறுபடியும் சோலைமுத்துதான் ஏலம் எடுத்திருக்கிறான். கடைக்குக் கடை வசூல் ஆரம்பித்தாயிற்று. பத்திரம் மட்டும் மார்ச் கடைசியில், மன்றக் கூட்டத்தில் கையெழுத்தாகும். ஆனால் அதன் நகல் கைக்கு வந்த மறுநாளே, மார்க்கெட்டின் பின்பக்கம் இருந்த பெண்கள் ஓய்வறையைப் பூட்டிவிட்டான். உள்ளே இப்போது வெளியூர் போகிற மல்லிக்கான தெர்மாகோல் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. அறையோடு சேர்ந்திருந்த கழிப்பறையும் போயிற்று.

கேட்கப் போனேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஓய்வறை இல்லைன்னா சொன்னேன்? அந்தா இருக்குல்லக்கா" என்று ஆண்கள் அறையைக் காட்டினான். "வியாபாரிகளுக்குன்னுதான் போட்டுருக்கு. போறதுன்னா போங்க. யாரு கையப் பிடிச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செயல் அலுவலர் முகேஷ்குமாரிடம் போனேன். சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். "மேடம், இது சென்னையில இருந்து வந்த மாதிரிப் பத்திரம். மேல இருந்து சொல்லாம நான் இதுல கை வைக்க முடியாது" என்றார். பழைய பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

பழையது: "பெண் வியாபாரிகளுக்கெனத் தனி ஓய்வறையும் கழிப்பறையும் ஒப்பந்தக்காரன் தன் செலவில் வைத்திருக்க வேண்டியது."

புதியது, பதினேழாம் ஷரத்து: "வியாபாரிகளுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் ஒப்பந்ததாரர் தம் செலவில் பராமரிக்க வேண்டும்."

ஒப்பந்தக்காரன் ஒப்பந்ததாரர் ஆகிவிட்டான். பெண் காணாமல் போய்விட்டாள்.

கடைசிப் பக்கத்தில் வரைவுக் குழு என்று மூன்று பெயர்கள். நடுவில் உன் பெயர். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இலக்கணம் படித்தவளின் பெயர். விடிவதற்கு முன்னால் கூடையோடு வந்து உச்சிவெயில் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற பொம்பளை எங்கே போவாள் என்று உனக்குத் தெரியாதா? உன் அம்மா இதே மார்க்கெட்டில் சம்பங்கி விற்றவர்தானே?

தமிழ்மதி


சென்னை
24 பிப்ரவரி 2025

அன்புள்ள மதி,

என் அம்மாவை நீ இழுத்திருக்க வேண்டாம். உடனே பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நீ பார்த்தது ஒரு ஷரத்து. நான் இரண்டு வருடம் பார்த்தது பத்திரம் முழுவதும். ஆணுக்கென்று மட்டும் எழுதப்பட்ட அரசுப் பத்திரங்களை எல்லோருக்குமானதாக மாற்று என்று உத்தரவு வந்தபோது, எளிய வேலை என்றுதான் நினைத்தேன். தமிழில் அது எளிதில்லை. ஒருவரை ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லாமல் சொல்ல வேண்டுமானால், அவருக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். 'அவன்', 'அவள்' இரண்டையும் விட்டால் மிச்சம் இருப்பது 'அவர்' ஒன்றுதான். பழைய பத்திரத்தில் அதிகாரிக்கு மட்டும்தான் 'அவர்'. குத்தகைக்காரன் 'அவன்'. கூட்டிப் பெருக்குகிறவள் 'அவள்'.

ஒரு கூட்டத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் கேட்டார்: "குப்பை அள்றவங்களுக்கும் 'அவர்', கலெக்டருக்கும் 'அவர்'னா, ஒரு வித்தியாசம் வேணாமாம்மா?" ஆண், பெண் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களை உறுத்தியதெல்லாம் கடைசியில் வருகிற அந்த 'ர்'. அதற்காகத்தான் இரண்டு வருடம் சண்டை போட்டேன். நீ சோலைமுத்துவை 'அவன்' என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்திரம் எழுதக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கடை உரிமம் பெற்றவன் இறந்தால் மனைவி அல்லது மகன் பெயருக்கு மாற்றலாம் என்று பழைய பத்திரத்தில் இருந்தது. உன் அப்பா போனபிறகு கடையை நடத்தியது நீ, உரிமம் உன் தம்பி பழனிக்குமார் பெயரில். அந்த வரி இப்போது 'வாழ்க்கைத்துணை அல்லது பிள்ளைகள்' என்று இருக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டுதான் அதை எழுதினேன்.

சரி, பதினேழாம் ஷரத்து. 'பால் சுட்டும் சொற்களை நீக்குக' என்று வழிகாட்டுக் குறிப்பில் இருந்தது. 'பெண்' என்று வந்த இடங்களையெல்லாம் கணினியில் தேடித் தேடி எடுத்தேன். சந்தோஷமாகவே எடுத்தேன். எந்த இடத்திலும் பெண்ணைத் தனியாகப் பிரித்து நிறுத்தாத ஒரு பத்திரம் வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசை தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் போய்த் திருத்தம் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? 'ர்' பிடிக்காதவர்கள் அதையே பிடித்துக்கொண்டு பத்திரம் முழுவதையும் பழையபடி மாற்றிவிடுவார்கள். ஆறு மாதத்தில் மறுஆய்வு வரும். அப்போது சத்தமில்லாமல் சரிசெய்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்,
ஜோஸ்பின்


(அஞ்சலட்டை)
வேலாங்குளம், 3 மார்ச்

ஜோஸ்பின், வழியில் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் அட்டையில் எழுதுகிறேன். கனகாம்பரம் விற்கிற சின்னக்கண்ணு அக்காவைத் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கி அடக்கி, கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல். பூக்கட்டுகிற சபிஹா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவில்லை என்று வேலையையே விட்டுவிட்டாள். ஆறு மாதம் பொறு என்று மூத்திரப்பையிடம் சொல்லிப் பார். கடை உரிமம் போன வாரம் என் பெயருக்கு மாறியது. பழனி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். நகலில் உள்ள உன் வரியைக் காட்டித்தான். நன்றி. இப்போது எங்கள் அறையைக் கொடு. - மதி


சென்னை
10 மார்ச் 2025

மதி,

உன் அட்டையை எங்கள் பிரிவுக்குத் தபால் கொண்டுவருகிறவர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று தட்டச்சர்கள் இருவரும் படித்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒருத்தி மட்டும் வந்து, "அந்தக்கா இப்ப எப்படி இருக்காங்க மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எப்படி இருக்கிறார்?

மூன்று நாள் அந்த ஷரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தேன். 'வியாபாரி' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது. வியாபாரிக்கு உண்டு. நான் சொல்லைத்தான் பார்த்தேன். கடை யார் பெயருக்கு வர வேண்டும், ஏலத்தில் யார் உட்கார வேண்டும், கூலி யாருக்கு எவ்வளவு என்கிற இடங்களில் ஆண், பெண் என்ற பேச்சே வேண்டாம். ஆனால் உடம்போடு ஒருத்தி வந்து நிற்கிற இடத்தில் 'நபர்' என்று எழுதினால், ஏற்கெனவே யாருக்கு வசதி இருக்கிறதோ அவரைத்தான் அது குறிக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு உன் அட்டை தேவைப்பட்டிருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது. உறுத்தட்டும்.

திருத்தம் கேட்டுக் குறிப்பு எழுதி, என் பெயரைப் போட்டு, எங்கள் பிரிவு அலுவலர் நூர் அகமதுவிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், கோப்புகள் போகும் பாதை தெரிந்தவர்.

"ஒரு ஊர்ப் பொம்பளைங்க புகார்னு இது மேல போனா என்ன சொல்வாங்க தெரியுமா? 'பார்த்தீங்களா, பழைய பத்திரமே நல்லாத்தான் இருந்துச்சு'ம்பாங்க. உங்க 'ர்' எல்லாம் திரும்ப 'ன்' ஆயிரும் ஜோஸ்பின்."

"ஆனாலும் அனுப்புங்க சார்."

"அனுப்புறேன். கூட வேற மாதிரி ஒரு காகிதமும் இருந்தா பலமா இருக்கும்."

எந்த மாதிரிக் காகிதம் என்று அவர் சொல்லவில்லை. கோப்பு போயிருக்கிறது. அசையவில்லை. மன்றக் கூட்டத்துக்குள் அசையுமா என்று சொல்ல எனக்கு வழியில்லை. கையெழுத்தாகிவிட்டால் மூன்று வருடம் யாரும் அதைத் தொட முடியாது என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். பதினேழாம் ஷரத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். அதில் 'பெண்' என்ற சொல் இல்லை. 'ஆண்' என்ற சொல்லும் இல்லை. இதற்கு மேல் ஓர் அரசு ஊழியர் எழுதக் கூடாது.

ஜோஸ்பின்


வேலாங்குளம்
17 மார்ச் 2025

அடியே ஜோஸ்பின்,

சின்னக்கண்ணு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் தெம்பில்லை. அது இல்லாமல் மற்ற எல்லோரும் சேர்ந்து செய்த காரியத்தைக் கேள்.

சனிக்கிழமை, முகூர்த்தத்துக்கு முதல் நாள். மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில் பெண்கள் அத்தனை பேரும் கூடையைக் கூடையாக அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். நேராக ஆண்கள் ஓய்வறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டோம். சபிஹாவை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்திருந்தேன். நடுவில் அவளை உட்காரவைத்தோம். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். அவசரமே படவில்லை.

முதலில் வந்தது கமிஷன் கடை அழகர் அண்ணன்.

"ஏத்தா, யாரு உள்ள? செத்த வெளிய வாங்கத்தா, அவசரம்!"

"வியாபாரிக இருக்கோம்ணே."

"எந்த வியாபாரி?"

"அது பத்திரத்துல போடலைண்ணே!"

உள்ளே சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் சோலைமுத்து ஓடிவந்தான். "அக்கா, இது ஆம்பளைக ரூமு! செவுத்துல எழுதியிருக்குல்ல!"

"செவுத்துல நீ என்ன வேணாலும் எழுதுவ. பத்திரத்துல காட்டு. வியாபாரிகளுக்குன்னு நீதானப்பா சொன்ன, யாரு கையப் பிடிச்சான்னு கேட்டியே?"

வேன் ஓட்டுகிற ஸ்டீபன்ராஜ் பொறுமையில்லாதவன். "ஏலே சோலை, அந்தப் பெட்டியத் தூக்கி எறிஞ்சுட்டு அவுக ரூமைத் தெறந்து விடுலே. எனக்கு முட்டிக்கிட்டு வருது. கொடைரோடு வரைக்கும் வண்டி ஓட்டணும்லே நானு!"

சோலைமுத்து திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. ஞாயிறும் அதேதான். இன்றைக்கும் அதேதான். பயமில்லாமல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது. ரத்து செய்துவிடுவேன் என்று சோலைமுத்து ஜன்னல் வழியாகக் கத்தினான். அது அவன் அதிகாரத்தில் இல்லை என்று தெரிந்தாலும் பயம் போகவில்லை. சத்தமாகப் பேசிச் சமாளித்தேன்.

இன்று பத்து மணிக்கு மேல் ஆண்கள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். செயல் அலுவலருக்கு மனுக் கொடுப்பது என்று முடிவு. எழுத ஆள் தேடினார்கள். எங்கள் மார்க்கெட்டில் பி.ஏ. தமிழ் படித்தது நான் ஒருத்திதான். அழகர் அண்ணன் வெள்ளைத் தாளோடு வந்து நின்றார்.

"தமிழு, நீயே எழுதிக் குடுத்துரு தாயி."

"என்னைய எதுத்தா?"

"அதான. ஒனக்குத்தான விசயம் தெரியும்."

எழுதினேன். 'பதினேழாம் ஷரத்தில் ஆண் வியாபாரிகள் என்றும் பெண் வியாபாரிகள் என்றும் குறிப்பிடப்படாத காரணத்தால் ஆண் வியாபாரிகளாகிய நாங்கள் துன்பத்துக்கு ஆளாகியுள்ளோம்' என்று வாசித்துக் காட்டினேன்.

"துன்பம் வேணாம்த்தா. அவதின்னு போடு. அதான் நடந்துச்சு."

அவதி என்று போட்டேன். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். முகேஷ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கி, இன்றே உங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். உன் நூர் அகமது கேட்ட காகிதம் இதுதானா?

மதி


சென்னை
24 மார்ச் 2025

அன்புள்ள மதி,

இதுதான்.

நூர் அகமது மனுவை இரண்டு தடவை படித்தார். 'அவதி' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோப்பை அவரே கையில் எடுத்துக்கொண்டு மேலே போனார். திருத்தம் இன்று காலை கையெழுத்தாகி, எல்லாப் பேரூராட்சிகளுக்கும் போயிருக்கிறது. உங்கள் ஊருக்கும் வந்திருக்கும்.

திருத்திய ஷரத்து: "சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே ஓய்வறையும் கழிப்பறையும் பராமரிக்கப்பட வேண்டும். பெண்களுக்கான அறை வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ளப்படக் கூடாது."

பத்திரத்தில் மற்ற எதுவும் மாறவில்லை. எல்லா 'ர்'களும் அப்படியே இருக்கின்றன. பழைய பத்திரத்துக்கே போகலாம் என்று ஒருவர் ஆரம்பித்தாராம். "பழைய பத்திரத்துல ஆண்களுக்கு அறையே கிடையாது சார், மனு குடுத்தவங்க இன்னும் கோபப்படுவாங்க" என்று நூர் அகமது சொன்னதும் பேச்சு நின்றிருக்கிறது.

பிழை யாருடையது என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். குழுவில் மற்ற இருவரையும் சேர்க்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்தது என் விரல்தான். இதனால் என் பதவி உயர்வு தள்ளிப்போகலாம் என்கிறார்கள். போகட்டும். அடுத்த பத்திரக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிடக் கூடாது என்று மட்டும் அதே விளக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்தத் தவறைச் செய்து பார்த்தவள் நான்தான், இனி இதைக் கண்டுபிடிக்கவும் என்னால்தான் முடியும் என்று காரணமும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சின்னக்கண்ணு அக்காவின் காய்ச்சலுக்கு நகராத கோப்பு, அழகர் அண்ணனின் அவசரத்துக்கு நகர்ந்திருக்கிறது. இதை ஜெயித்தோம் என்று எழுதக் கை வரவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நூர் அகமது இன்னொன்றும் கேட்டார். "திருநங்கை வியாபாரி வந்தா எந்த ரூமுக்குப் போவாங்க? எழுதினீங்களா?" எழுதவில்லை. உங்கள் மார்க்கெட்டில் எப்படி என்று எனக்குச் சொல்.

பயமில்லாமல் இல்லை என்று எழுதியிருந்தாய். விளக்கம் எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜோஸ்பின்


வேலாங்குளம்
30 மார்ச் 2025

ஜோஸ்பின்,

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். நாங்கள் எல்லோரும் போய்ப் பின்னால் நின்றோம். முகேஷ்குமார் திருத்திய ஷரத்தைச் சத்தமாக வாசித்தார். எல்லோரும் கேட்கும்படி அவருக்கு 'பெண்' என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம் இருந்தது போல. ஆனாலும் வாசித்தார்.

சோலைமுத்து பேனாவை எடுத்தான். அப்போதுதான் கேட்டேன்.

"அறைச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"என்கிட்டதானக்கா. நான்தான குத்தகைதாரர்?" 'குத்தகைதாரர்' என்று அவனே தன்னைச் சொல்லிக்கொண்டான். உன் 'ர்' ஊருக்கு வந்துவிட்டது.

"நீ பூட்டிட்டுப் போயிட்டா?"

"நான் ஏன் பூட்டப்போறேன்?"

"போன மாசம் ஏன் பூட்டுனயோ அதுக்குத்தான்."

முகேஷ்குமார் காகிதத்தைப் புரட்டினார். சாவியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. யார் பராமரிப்பது என்றும் இல்லை. பழைய பத்திரத்திலாவது 'ஒப்பந்தக்காரன் தன் செலவில்' என்று இருந்தது. நீ 'பராமரிக்கப்பட வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறாய். யாரால்? செயப்பாட்டு வினையில் எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று உனக்கும் எனக்கும் ஒரே வகுப்பில்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

சாவி எங்களிடம், பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு, இந்த இரண்டையும் கூடுதல் நிபந்தனையாக எழுதாமல் நகர மாட்டோம் என்றேன். சோலைமுத்து பேனாவை மூடினான். முகேஷ்குமார் யோசித்தார். அழகர் அண்ணன்தான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "எழுதிருங்க சார். இல்லாட்டி நாளைக்கும் எங்க ரூம்லதான் இருப்பாக."

முகேஷ்குமார் கையாலேயே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். சோலைமுத்துவும் கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் பெட்டிகளை வெளியே எடுத்தார்கள். அறை முழுக்கப் பூவழுகல் நாற்றம். சபிஹாவும் நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து கழுவினோம். நேற்றுக் காலையிலிருந்து சபிஹா வேலைக்கு வருகிறாள்.

திருநங்கை பற்றிக் கேட்டிருந்தாய். அரளி விற்கிற ஒருத்தி இருக்கிறாள். அவள் எங்களோடுதான் வருவாள், எப்போதும் அப்படித்தான். அதை எப்படி எழுத வேண்டும் என்று அவளிடமே கேட்டு அனுப்புகிறேன். நாமாக எழுத வேண்டாம்.

ஜெயித்தோம் என்று எழுதக் கை வரவில்லை என்றாய். எனக்கும் வரவில்லை. எங்களுக்கு இப்போது கையால் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. அய்யலூரிலும் ஆயக்குடியிலும் சந்தைக்கு வருகிற பெண்களுக்கு அந்த இரண்டு வரிகள் கிடையாது. உன் குழுவில் நீ இருக்கிறாயோ இல்லையோ, அதை மாதிரிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டியது உன் வேலை. அறையை ஒப்பந்ததாரர் பராமரிப்பார் என்று எழுது. சாவி இருக்கும், வைக்கப்படும் என்றெல்லாம் எழுதாதே. பெண் வியாபாரிகள் சாவியை வைத்திருப்பார்கள் என்று எழுது. எழுவாயை முதலில் போடு.

மதி